ஆக்அட்வைசர்: சதவீதத்தைப் பிறகு பாருங்கள், எச்சரிக்கையை முதலில் படியுங்கள்

"இந்தத் தொட்டிக்கு எத்தனை மீன் விடலாம்?" என்று சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகள் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் பத்து என்பார்கள், அடுத்த கடையில் தாராளமாக முப்பது என்பார்கள். பதில் தொட்டியைப் பொறுத்ததா, அன்றைய வியாபாரத்தைப் பொறுத்ததா என்று வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் கேள்விக்காகவே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் இலவச இணையதளம் ஆக்அட்வைசர் (AqAdvisor). தொட்டி அளவு, ஃபில்டர், மீன் வகை, எண்ணிக்கை இவற்றைக் கொடுத்தால் மூன்று எண்களும் ஒரு எச்சரிக்கைப் பட்டியலும் தரும். பக்கத்தின் தோற்றம் பழையது, எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் சரக்குள்ளது, கொடுப்பதைச் சரியாகக் கொடுத்தால்.

நம்மூரில் அதிகம் விற்கும் 2 அடி தொட்டியை வைத்தே பார்ப்போம். 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. இந்த அளவை அப்படியே போட்டால் கிட்டத்தட்ட 57 லிட்டர், அதாவது 15 அமெரிக்கக் கேலன் என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரரும் அதையேதான் சொல்வார். உண்மையில் அதில் அவ்வளவு தண்ணீர் நிற்பதில்லை. 5 மி.மீ. கண்ணாடியின் தடிமனைக் கழியுங்கள். மேலே 3 செ.மீ. இடைவெளி விடுவோம். கீழே 5 செ.மீ. கூழாங்கல் போடுவோம், கல்லுக்கு நடுவே தேங்கும் தண்ணீரைச் சேர்த்தாலும் மிஞ்சுவது ஏறக்குறைய 42 லிட்டர். சொன்னதில் கால் பங்கு காணாமல் போய்விட்டது. மீன் எண்ணிக்கையிலும் அந்தக் கால் பங்கு குறைய வேண்டும். சுலபமான வழி: உயரம் என்ற இடத்தில் 12-க்குப் பதில் 9 என்று போடுங்கள். 24 × 12 × 9 அங்குலம் என்பது 42 லிட்டர் சொச்சம், கணக்கு கச்சிதமாக உட்காரும். பெரிய பாறை, மரக்கட்டை வைத்திருந்தால் இன்னும் ஒரு அங்குலம் குறையுங்கள்.

அடுத்தது ஃபில்டர். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் கிடைப்பவை. நம் கடைகளில் தொங்கும் சோபோ, ஆர்எஸ் வகைகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீரோட்ட அளவை நாமே எழுதும் பெட்டி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அட்டைப் பெட்டியில் மணிக்கு 400 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால் அது உள்ளே ஸ்பாஞ்ச் இல்லாமல், உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றாமல் அளந்த எண். பஞ்சும் அழுக்கும் சேர்ந்த பிறகு பாதி வந்தாலே நல்லது. ஆகவே 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலனில் கேட்டால் 3.785-ஆல் வகுத்து 53 என்று போடுங்கள். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அட்டையில் நம்பும்படியான எண்ணே இருக்காது. அதற்குச் சிறிய எண்ணாகவே போடுவது நல்லது.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது கடைப் பெயர் உதவாது, உலகப் பெயர் தெரிய வேண்டும். "டேங்க் கிளீனர்" என்று கொடுக்கும் சக்கர் மீன் தெரிகோப்லிக்திஸ் இனம். விரல் நீளத்தில் வாங்குவது 40 செ.மீ.க்கு மேல் வளரும். "சுறா" என்று விற்கும் வெள்ளி நிறக் குட்டி பெரும்பாலும் பங்கேசியஸ், வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். இந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள், 2 அடி தொட்டியின் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும். இந்தத் தளம் கணக்கிடுவது வளர்ந்த மீனின் அளவை வைத்து என்பதால் வரும் நன்மை இது. குட்டி மீன்களுக்கென்று தனி முறை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதை டிக் செய்தால் எச்சரிக்கைகள் அடங்கி, பார்க்க இதமாக இருக்கும். ஆறு மாதத்தில் பெரிய தொட்டி உறுதியாக வரப்போகிறது என்றாலொழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி அது தரும் எண்கள். ஒன்று, தொட்டி எத்தனை சதவீதம் மீனால் நிரம்பியிருக்கிறது என்பது. "ஒரு கேலனுக்கு ஒரு அங்குல மீன்" என்ற பழைய கணக்கைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பழைய கணக்கின்படி ஒன்றரை அங்குல நியான் டெட்ரா எட்டும், 12 அங்குல ஆஸ்கர் ஒன்றும் சமம். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை எட்டு மடங்காகிறது. நியானைவிட எட்டு மடங்கு நீளமான ஆஸ்கர், அதே உடல்வாகு என்று வைத்தாலே, ஒரு நியானைப்போல் 512 மடங்கு எடை. எட்டு நியான்களைச் சேர்த்ததைவிட 64 மடங்கு. ஆஸ்கர் இன்னும் பருமன். தின்பதும் கழிப்பதும் எடைக்கு ஏற்பத்தான். சிறிய மீன்களுக்கு ஓரளவு பொருந்திய ஒரு விதியை எல்லா மீனுக்கும் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

இருந்தாலும் இந்தச் சதவீதத்தின் மேல் வேதவாக்குப்போல் நம்பிக்கை வைக்க வேண்டாம். எந்த மீனுக்கு எவ்வளவு சுமை போட்டார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டுவதில்லை. 96 வந்தால் நல்லது, 103 வந்தால் கெட்டது என்று ஒன்றுமில்லை. எங்கள் கணிப்பில் நம்மூர் சூட்டுக்கும் மின்வெட்டுக்கும் 75-ஐத் தாண்டாமல் இருப்பது நிம்மதி.

இரண்டாவது எண் ஃபில்டரின் திறன். இதைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஃபில்டர் 200 சதவீதம் என்று வந்துவிட்டால் மீனை இரட்டிப்பாக்கலாம் என்று அர்த்தமில்லை. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக மாற்றும். அதோடு அதன் வேலை முடிந்தது. நைட்ரேட் தண்ணீரிலேயே கிடக்கும், தண்ணீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். நீந்தும் இடமும் கூடப்போவதில்லை.

உண்மையான சரக்கு எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. டைகர் பார்ப் இரண்டு போட்டால், கூட்டமாக வைக்கச் சொல்லும். இங்கே எல்லா மீனும் ஜோடிக் கணக்கில் விற்கிறது: ஒரு ஜோடி டெட்ரா, ஒரு ஜோடி பார்ப், ஒரு ஜோடி ஏஞ்சல் என்று ஆறு வகையில் பன்னிரண்டு மீன் வாங்கி வருவார்கள். எண்ணிக்கை அதே பன்னிரண்டுதான். ஆனால் கூட்டம் சேரும் மீன் இரண்டிரண்டாக நின்றால் ஒன்று ஒளியும், இல்லை பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும். டைகர் பார்ப்பும் ஏஞ்சலும் ஒரே தொட்டியில் என்றால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பு நாராகிவிடும். கோல்டு ஃபிஷ்ஷையும் கப்பியையும் சேர்த்தால் வெப்பநிலை பற்றிச் சொல்லும். கப்பி, பிளாட்டி வகைகளில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண்ணாவது வேண்டும் என்று நினைவூட்டும். துள்ளிக் குதிக்கும் மீன் என்றால் மூடி போடச் சொல்லும். எத்தனை மீன் என்ற கேள்வியோடு வருபவருக்கு, எந்தெந்த மீன் என்ற பதிலைக் கொடுத்தனுப்புகிறது. கேட்டதைவிட இது பெரிய உதவி.

மூன்றாவது எண், வாரத்துக்கு எத்தனை சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது. 42 லிட்டரில் 25 சதவீதம் என்றால் பத்தரை லிட்டர், சுமாராக ஒரு பக்கெட். 50 என்று வந்தால் இரண்டு. மீனின் எண்ணிக்கையை இங்கிருந்து பின்னோக்கி முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்: கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில், மூன்றாவது மாடியில், வாரா வாரம் எத்தனை பக்கெட் தவறாமல் மாற்ற முடியும்? ஒன்று என்றால், அந்த எண் 25-ஐத் தாண்டாத அளவுக்கு மீனைக் குறையுங்கள்.

இந்த எண் உங்கள் தொட்டிக்குச் சரியா என்று சோதித்துக்கொள்ளவும் முடியும். ஏபிஐ நன்னீர் மாஸ்டர் கிட்போன்ற சொட்டு மருந்துச் சோதனை வேண்டும். தண்ணீர் மாற்றிய மறுநாள் நைட்ரேட் பாருங்கள், அடுத்த மாற்றத்துக்கு முன் மறுபடி பாருங்கள். இடையில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.) ஏறியிருக்கிறது என்று வையுங்கள். வாரம் 25 சதவீதம் மாற்றினால் காலப்போக்கில் உச்சம் 10-ஐ 0.25-ஆல் வகுத்த 40-இல் போய் நிற்கும். 50 சதவீதம் மாற்றினால் 20-இல் நிற்கும். குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் மேலே கூட்டுங்கள், போர்வெல்லில் இது உண்டு. 40-ஐத் தாண்டுகிறது என்றால் மீன் அதிகம், அல்லது தீனி அதிகம். ஒரு சின்ன விஷயம்: அந்த நைட்ரேட் சோதனையில் 5 மி.லி. தண்ணீருக்கு முதல் புட்டியில் பத்து, இரண்டாவதில் பத்து சொட்டு. இரண்டாவது புட்டியை முப்பது விநாடி பலமாகக் குலுக்க வேண்டும், கலந்த பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நிறம் பார்க்க வேண்டும். குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் உறைந்து கிடக்கும், நைட்ரேட் குறைவு என்று பொய் சொல்லும்.

இந்தத் தளத்துக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. தொட்டி வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அது கேட்பதில்லை. பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் 75 சதவீதத்துக்கான மீன் முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் அம்மோனியாவில் போய்விடும். மூன்று நான்கு மீனில் தொடங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே அடுத்த நான்கு. பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டிய போர்வெல் தண்ணீரில் இன்னும் கவனம் வேண்டும்: 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு பிஎச் 7-இல் அரை சதவீதம் சொச்சம், பிஎச் 8-இல் ஐந்து சதவீதத்துக்கு மேல்.

வெயிலும் அதற்குத் தெரியாது. சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி தொடும். 24 டிகிரியில் லிட்டருக்கு 8.4 மி.கி. ஆக்சிஜன் கரையும் தண்ணீரில் 32 டிகிரியில் 7.3 மி.கி.தான் கரையும்; மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால், நூறு சதவீதம் நிரம்பிய தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் கௌராமியும் ஃபைட்டரும் தாங்கிக்கொள்ளும், மற்றவை தாங்காது. பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

குட்டி போடுவதையும் கணக்கில் சேர்க்காது. கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டி போடும். கடையிலிருந்து வரும் பெண் மீன், ஆண் துணை இல்லாமலே சேமித்த விந்தைக் கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். ஜூனில் 60 சதவீதம் காட்டிய தொட்டி தீபாவளிக்குள் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் மட்டும் வாங்குவதே வழி.

இவ்வளவையும் வைத்து, 42 லிட்டருக்கு நாங்கள் சொல்லும் ஒரு பட்டியல்: போர்வெல் தண்ணீர் என்றால் ஆண் கப்பி ஆறு, இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் ஆறு. ஆர்ஓ கலந்த, உப்பு குறைந்த மென்னீர் என்றால் ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு, தேன் கௌராமி ஒரு ஜோடி. நியான் டெட்ரா வேண்டாம். அது குளிர்ந்த, மென்மையான தண்ணீர் தேடும் மீன், ஏசி ஓடாத அறையில் கோடையைக் கடப்பது சிரமம். ஏஞ்சலும் வேண்டாம், அதன் உயரத்துக்கு ஒரு அடி தொட்டி போதாது. இந்த இரண்டு பட்டியலையும் 9 அங்குல உயரத்தோடு ஆக்அட்வைசரில் நீங்களே போட்டுப் பாருங்கள். கூட ஒரு சக்கர் மீனைச் சேர்த்து மறுபடி அழுத்தினால், கடையில் அதை இலவசமாகக் கொடுத்தாலும் ஏன் வாங்கக் கூடாது என்பது திரையிலேயே வந்துவிடும்.