ஸ்டிக்கர் அதே, உள்ளே சிப் வேறு: எஸ்எஸ்டி வாங்கப்போகும் லினக்ஸ்காரர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு என்விஎம்இ டிரைவுக்கு (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒரு முழு மாதச் சம்பளம் போய்விட்டது. விற்றது ஓர் ஆன்லைன் சந்தையில் கடை போட்டிருக்கும் ஆள். பெயர் வேண்டாம்.

வாங்கும் முன்பே கேட்டேன். "லினக்ஸில் இந்த மாடல் தூங்கப்போனால் எழுந்திருக்காது என்கிறார்களே?" உடனே பதில்: "அதற்குக் கெர்னலிலேயே குவர்க் சேர்த்துவிட்டார்கள் சார்." குவர்க் என்றால், குறிப்பிட்ட சாதனத்தின் கோளாறைச் சமாளிக்க லினக்ஸின் மையமான கெர்னலில் எழுதிவைக்கும் விதிவிலக்கு. சொன்னதோடு நிற்காமல், டிரைவர் சோர்ஸிலிருந்து அந்த வரியையே படம் பிடித்து அனுப்பினார். ஆழமான மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பாதே என்று சொல்லும் வரி. கெர்னல் சோர்ஸைக் காட்டி விற்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

2017-இல் வந்த கெர்னல் 4.11 முதல், சும்மா இருக்கும் என்விஎம்இ டிரைவை லினக்ஸ் தானாகவே தூங்கவிடும். டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஒழுங்காக இருந்தால் எழுந்துவிடும். நான் வாங்கியவை எழவில்லை. கொஞ்ச நேரம் வேலை கொடுக்காமல் விட்டால் போதும், கன்ட்ரோலர் (டிரைவை நடத்தும் சிப்) விழுந்துவிட்டது என்று லாக்கில் வரும். டிரைவின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் எல்லா பிட்டும் ஒன்று, அதாவது கணினி கேட்டால் பதில் சொல்ல மறுமுனையில் ஆளே இல்லை. அடுத்து ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி, எதையும் எழுத முடியாது.

குவர்க் இருந்துமா? சாதனங்களின் அடையாள எண்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையைப் போட்டதும் விளங்கியது. அந்தக் குவர்க் பட்டியல் ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை. வென்டர் எண்ணும் டிவைஸ் எண்ணும் பொருந்த வேண்டும். எனக்கு வந்தவற்றின் எண்ணே வேறு! பெயரையும் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மாற்றியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் சொன்னால், முதலில் "விண்டோஸில் போட்டுப் பாருங்கள்" என்றார். அப்புறம் "ஃபர்ம்வேர் அப்டேட் செய்யுங்கள்". அந்த டூல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அப்புறம் தயாரிப்பாளரிடம் தள்ளிவிட்டார். அவர்களோ லினக்ஸுக்கு ஆதரவு இல்லை என்று கைவிரித்தார்கள். கடைசியில் திருப்பி அனுப்பினால், "சோதித்தோம், பழுது இல்லை, ரீஃபண்ட் கிடையாது". என்ன சோதனை தெரியுமா? ஓயாமல் எழுதிப் படிக்கும் வேகச் சோதனை. தூங்கவே விடாமல் சோதித்தால் எழாதது எப்படித் தெரியும்? ஒரு மாதச் சம்பளம் ஐயா!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. குவர்க் இருக்கிறது என்றால் எந்த எண்ணுக்கு என்று கேளுங்கள். டிரைவ் வந்ததும் டேட்டா ஏற்றாமல் ஓர் இரவு சும்மா விட்டுப் பாருங்கள், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், கெர்னலின் பூட் வரியில் என்விஎம்இ-யின் அதிகபட்ச லேட்டன்சியை (தூங்கி எழ அனுமதிக்கும் தாமதம்) பூஜ்யமாக்குங்கள், தூக்கம் நிற்கும், சூடு கூடும். எனக்கு அதிலும் விழுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. பேக்கப் எடுத்துவிடுங்கள்.