நான்கு வருட மேக்ரோ லென்ஸ்: படத்தில் குறையில்லை, கோபம் அந்த வளையத்தின் மேல்

சர்வீஸுக்குப் போன என் மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை ரொம்பக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கிற லென்ஸ்) ஐந்து வாரம் கழித்துப் போன செவ்வாய்க்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்துத் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற லென்ஸ் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா?" அன்றைக்கு இருந்த எரிச்சலில் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

90 மி.மீ., எஃப் 2.8, ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம், அதாவது பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் பிம்பம் சென்சாரில் விழும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். 2021-இல் வாங்கினேன். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். காடு மலை என்று அலைந்து எடுத்தது குறைவு. பெரும்பாலான படங்கள் வீட்டுக் கொல்லையில் எடுத்தவை: ஒரு மாமரம், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல்.

முதலில் லென்ஸுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். படத்தின் தரத்தில் இதைக் குறை சொல்லவே முடியாது. கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு இருக்கும், பார்த்தால் பறவை எச்சம் மாதிரியே தெரியும். அந்த எச்சத்தின் ஈர மினுமினுப்புகூட இந்த லென்ஸில் அப்படியே விழுகிறது.

இதை வாங்கியதற்கு ஒரே ஒரு படம் போதும் என்று நினைக்கிற மாதிரி ஒன்று நடந்தது. இரண்டாம் வருடம், சாரல் விட்டிருந்த ஒரு காலை. மாமரத்தில் முசுறு எறும்பு இலைகளை ஒட்டிப் பந்து மாதிரிக் கூடு கட்டியிருந்தது. முசுறைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், கடித்துவிட்டுக் கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சும். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். வரிசையிலிருந்து ஒதுங்கி ஓர் இலையின் அடியில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டே இருந்தது. நாலைந்து படம் எடுத்திருப்பேன், தோள் கிளையில் பட்டுவிட்டது. உடனே அது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று கீழே இறங்கியது. எறும்பு எங்கே நூல் விடும்?

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். நான் உணர்கொம்பு என்று நினைத்தவை, தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். கால்களை எண்ணினால் எட்டு. தலையின் பக்கவாட்டில் எறும்பின் கண்ணாகத் தெரிந்தது வெறும் கரும்பொட்டு. நிஜக் கண்கள் முகத்தின் முன்னால் வரிசையாக நான்கு, நடுவில் இரண்டும் பெரிது, அதில் என் ஃப்ளாஷின் வெளிச்சம் சின்னச் சதுரமாக விழுந்திருந்தது. முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி அது. மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்பது அறிவியல் பெயர். முசுறைத் தின்னப் பல பிராணிகள் தயங்கும், அந்தப் பயத்துக்குள் இது ஒளிந்து பிழைக்கிறது. பத்து வருடமாக அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்கிறவன் நான். அன்றுவரை ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை.

சரி, இப்போது வளையத்துக்கு வருகிறேன். ஃபோகஸ் வைக்க லென்ஸின் மேல் கையால் திருப்புகிற வளையம்.

இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸின் துவாரத்தை எஃப் 11 வரை மூடினாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். இன்னும் மூடினால் ஆழம் கூடும், ஆனால் எஃப் 16-ஐத் தாண்டும்போது, சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுகிற டிஃப்ராக்‌ஷனால் மொத்தப் படமும் மழுங்க ஆரம்பிக்கும். இவ்வளவு கிட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறும். அதனால் பூச்சி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: மேனுவலில் வைத்து, வளையத்தை ஒன்றுக்கு ஒன்றில் நிறுத்திவிட்டு, உடம்பை மெதுவாக முன்னே சாய்ப்பார்கள். கண் தெளிவாகும் நொடியில் ஷட்டரை அழுத்துவார்கள். ஃபோகஸ் நிற்கிற இடம் மாறாது என்ற நம்பிக்கையில் நடக்கிற வேலை.

என் லென்ஸில் அந்த நம்பிக்கை இல்லை. வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் சிக்னல் அனுப்பும், மோட்டார் கண்ணாடியை நகர்த்தும். வேகமாகத் திருப்பினால் நிறைய நகரும், மெதுவாகத் திருப்பினால் துளி நகரும். இந்தக் கோடி அந்தக் கோடி என்று முட்டி நிற்கிற இடம் கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கலாம். இதைக்கூடப் பழகிக்கொண்டேன். பொறுக்க முடியாதது, கேமரா தூங்குவது. ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தக் கேமரா தூங்கிவிடும். எழுப்பினால் ஃபோகஸ் எங்கோ தூரத்துக்குப் போயிருக்கும். மறுபடி சுற்று, சுற்று, சுற்று. அதற்குள் பூச்சி போய்விடும். பூச்சிப் படத்தில் முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதானே வேலை? ஒரு நிமிடத்துக்குள் எந்தச் சிலந்தி வந்து நிற்கும்?

கடைசியாக வைத்த ஃபோகஸை நினைவில் வைக்கும் வசதி சில கேமராக்களின் மெனுவில் உண்டு. என்னுடையதில் இல்லை. தூங்காதபடி வைத்துப் பார்த்தேன், காலையில் மட்டும் மூன்று பேட்டரி தீர்ந்தது. ஷட்டரை அவ்வப்போது பாதி அழுத்தி விழிப்பில் வைப்பதுதான் நான் கண்ட வழி. நான்கு வருடமாக என் ஆள்காட்டி விரல் அந்த வேலையைச் செய்கிறது.

போன வைகாசியில் மோட்டார் நின்றுவிட்டது. ஆட்டோஃபோகஸ்தானே போச்சு, மேனுவலில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் அசையவில்லை. அசைக்கிறதும் அதே மோட்டார்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, ஒரு பூஞ்சை இல்லை, ஆனாலும் லென்ஸ் வெறும் கட்டை. பதினோராயிரம் ரூபாய், ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரம் அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவில் இருந்த 50 மி.மீ. லென்ஸை எடுத்தேன். அதை இந்தக் கேமராவில் மாட்ட ஒரு அடாப்டர், லென்ஸைத் தள்ளி நிறுத்த 50 மி.மீ. நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் என்கிற வெற்றுக் குழாய். 50-க்கு 50 சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். பூச்சியிடம் இன்னும் நெருங்க வேண்டியிருந்தது, ஓரங்கள் கொஞ்சம் மங்கின. ஆனால் வளையத்தை எங்கே வைத்தேனோ அங்கேயே இருந்தது. காபி குடித்துவிட்டு வந்தேன், இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்தேன், இருந்தது. அப்பா காலத்தில் எஃப் 11-க்கு மூடினால் வியூஃபைண்டரே இருண்டுவிடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கஷ்டமும் இல்லை, திரை தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. ஃப்ளாஷ் போட்டு எடுக்கிறவர்கள் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை (படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்று திரையில் முன்கூட்டியே காட்டுவது) மட்டும் அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையும் இருட்டாகத்தான் இருக்கும். இது தெரியாமல் கேமராவே கெட்டுவிட்டது என்று முதல் வாரம் நான் பயந்ததுண்டு.

இரண்டிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 90-இன் படம்தான் நல்ல படம். சந்தேகமே இல்லை. கல்யாண வீட்டில் முகங்கள் எடுக்கவும், நகைகளை ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கவும் இதைவிட வேறு கேட்க மாட்டேன்.

ஆனாலும் வாங்க வேண்டாம், தம்பி. உங்களுக்கு வேண்டியது பூச்சி. கையால் திருப்பினால் கண்ணாடி நகர்கிற மேனுவல் மேக்ரோ லென்ஸ் புதிதாகவே கிடைக்கிறது, அதைப் பாருங்கள். இன்று காலைகூடக் கூட்டுக்குப் பக்கத்தில் எட்டுக்கால் முசுறு ஒன்று வந்தது. நான் குனிந்து வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போது கேமரா தூங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டுக்கு வாருங்கள். இரண்டு லென்ஸையும் மாட்டித் தருகிறேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.