நீண்ட ஒப்பந்தமா, குறுகிய ஒப்பந்தமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒருவரை அணியிலிருந்து நீக்கினாலும், பேசிய சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவது என்பது பெரிய தலைவலி.

பணம்
நீண்டது: மொத்தத் தொகை பெரிது, ஆண்டுக்கணக்கில் மலிவு. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி 2019இல் மட்டையாளர் பிரைஸ் ஹார்ப்பருக்கு 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் தந்தது. ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடிதான். ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) ஆண்டுச் சராசரியை வைத்து வருவதால் அதிலும் லாபம்.
குறுகியது: பந்துவீச்சாளர் பிளேக் ஸ்னெல் 2024இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியில் 2 ஆண்டுக்கு 6.2 கோடி. ஆண்டுக்கு 3.1 கோடி!

வயது
நீண்டது: இங்கேதான் அடி விழும். ஆல்பர்ட் புஹோல்ஸ் 31 வயதில் ஏஞ்சல்ஸ் அணியுடன் 10 ஆண்டுக்கு 24 கோடிக்கு ஒப்புக்கொண்டார். கால் வலியோடு முதல் பேஸுக்கு ஓடிய அந்த மகத்தான ஆட்டக்காரரைப் பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. கடைசி ஆண்டான 2021இல் பாதியிலேயே விடுவித்தார்கள்.
குறுகியது: காயம் பட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் நஷ்டம் ஆட்டக்காரருக்கு. ஸ்னெலுக்கும் தொடக்கத்தில் காயம்தான். அப்புறம் ஆகஸ்டில் ஒரு ஹிட்கூட (எதிரணி பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசினார். ஒப்பந்தத்தில் இருந்த உரிமைப்படி ஓராண்டிலேயே விலகி, டாட்ஜர்ஸ் அணியில் 5 ஆண்டுக்கு 18.2 கோடி வாங்கினார்.

யாருக்கு எது?
ஹார்ப்பர் போல 26 வயதில் சந்தைக்கு வருபவருக்குத் தயங்காமல் நீண்டது. 2022இல் மழையில் நனைந்த மைதானத்தில், எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் ஃபில்லீஸை லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. 31 தாண்டியவருக்கு மூன்று, நான்கு ஆண்டு போதும். நல்ல விலை கிடைக்காத ஆட்டக்காரருக்கு, நடுவில் விலகும் உரிமையோடு குறுகியது.