பிரஷ் கட்டர்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? பராமரிப்பை வைத்து ஓர் அலசல்

தோப்பில் களை வெட்ட பிரஷ் கட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது விலை, அடுத்தது எடை. இரண்டிலும் பெரும்பாலும், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான், ஆயிலைத் தனியாக ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக்கை முந்தும். ஆனால் வாங்கிய பிறகு எத்தனை சீசன் உழைக்கும் என்பது ஆயில் விஷயத்தில் நாம் எவ்வளவு கறாராக இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும் மசகு. 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், அதில் ஆயில், ஒரு குலுக்கு, பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி நன்றாக ஒரு குலுக்கு. டேங்க்கிலேயே கலந்தால் ஆயில் அடியில் தங்கிவிடும். பைக்குக்கு ஊற்றும் ஃபோர் டி ஆயில் இதற்கு ஆகவே ஆகாது. அது பெட்ரோலோடு எரிவதற்காகத் தயாரித்ததல்ல, பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும்.

ஆயில் குறைந்தால் பிஸ்டனில் நெடுக்காகக் கோடு விழும். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் எக்ஸாஸ்ட் துளை வழியாகவே அது தெரியும். ஆழமாக விழுந்திருந்தால் பிஸ்டன், சிலிண்டர் இரண்டுக்கும் செலவுதான். ஆயில் கூடினால் கரி சேரும். சைலன்சர் வாயில் சிறு கம்பி வலை உள்ள மாடல்களில் அதுதான் முதலில் அடைக்கும். ஐடிலில் ஒழுங்காக ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இழுக்காது. உடனே கார்புரேட்டரில் கைவைக்க வேண்டாம், வலையைக் கழற்றி பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 35.8 சிசி, வெறும் பெட்ரோல், தனியாக 100 மில்லி 10டபிள்யூ-30 ஆயில். முதல் ஆயில் மாற்றம் 10 மணி நேர ஓட்டத்தில், பிறகு 50 மணிக்கு ஒருமுறை. மொத்தமே 100 மில்லி என்பதால் 30 மில்லி குறைந்தாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் மெஷினைச் சமதரையில் வைத்து, மூடியைத் திறந்து, ஆயில் வாய் விளிம்புவரை நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கூடுதலாக ஊற்றினால் ஆயில் ஏர் ஃபில்டருக்கு ஏறிப் புகையும். டேப்பெட் வேலை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, அவ்வப்போது வரும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேன் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கணக்கில் பெரிய வித்தியாசம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றினால் புகைவரும், பிளக் கரிபிடிக்கும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றி வேலை செய்தால் அந்த ஒரு டேங்க் தீரும் முன்பே சீஸ் ஆகிவிடும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். பல ஆட்கள் கைமாறும் தோப்புக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கையே சொல்வேன், ஆயிலை மட்டும் உரிமையாளர் காலையில் பார்த்துவிட வேண்டும். ஒரே ஆள், ஒரே கேன், நாள் முழுக்கத் தோளில் சுமக்கும் வேலை என்றால் டூ ஸ்ட்ரோக் தாராளமாகப் போதும்.

மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். புழுதி அதிகமுள்ள இடத்தில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். பிளேடு பக்கத்து கியர் ஹெட்டில் 25 மணிக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் வையுங்கள். கிரீஸ் வற்றினால் முதலில் ஹெட் கைவைக்க முடியாதபடி சுடும், பிறகு பல் தேயும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், சும்மா கிடக்கும் மெஷினில் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரம் விறைத்துப்போகும். இரண்டு மூன்று வாரம் வேலை இல்லை என்று தெரிந்தால் டேங்க்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஒரு மாதம் தாண்டிய கலவையை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்ற வேண்டாம்.