ஆண்டுக்கு ஒரு படம்: எந்தப் பட்டியலை நம்புவது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படம் போடுகிறோம். 1920-இல் தொடங்கினோம். வாரத்துக்கு ஓர் ஆண்டு, ஆண்டுக்கு ஒரே படம். போன வாரம் 1948 முடிந்தது. இந்த ஏற்பாட்டில் இருக்கிற கஷ்டம் ஒன்றுதான்: அந்த ஆண்டின் முக்கியமான படம் எது என்று வாராவாரம் யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன். விருதும் வசூலும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. விமர்சகர்கள் வாக்களித்துத் தேர்ந்த உலகப் பட்டியலைப் பின்பற்றுவது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் உழைப்பு கேட்கும். அந்த ஆண்டுப் படங்களில் நல்ல பிரதி எவற்றுக்கு இருக்கிறது என்று தேடி, அவற்றை உட்கார்ந்து பார்த்து, பின்னால் வந்தவர்கள் எதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்து நாமே முடிவெடுப்பது. நான் இந்த மூன்றாவது கட்சி.

விருதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1941-க்கான சிறந்த பட ஆஸ்கர் 'சிட்டிசன் கேன்' படத்துக்குக் கிடைக்கவில்லை, 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'க்குப் போனது. நம் ஊரில் தேசிய விருதே 1953-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அதில் விடை கிடையாது. அதன் அடுத்த ஆண்டே 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது, 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழோடு நின்றது. வசூலிலும் 'மலைக்கள்ளன்'தான். ஆனால் 1943-இல் மெட்ராஸ் மீது ஜப்பானியர் குண்டு போட்டதைப் பின்னணியாக வைத்து, ஒரு பாட்டுகூட இல்லாமல், ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வைத்த 'அந்த நாள்'தான் இன்றைக்குப் பார்த்தாலும் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. எதிர்ப்பக்கம் 'செவன் சாமுராய்' நின்றாலும் 1954-க்கு நான் 'அந்த நாள்' பக்கம்தான் பேசுவேன்.

உலகப் பட்டியல் இதைவிட எவ்வளவோ மேல். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கு எடுக்கிறது. முதல் முறை 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்'. 2012-இல் 'வெர்டிகோ', 2022-இல் ஷாந்தால் ஆக்கர்மன் 1975-இல் எடுத்த 'ஜான் டீல்மன்'. புதிதாக உலக சினிமா பார்க்கத் தொடங்குகிறவருக்கு இது நல்ல கைவிளக்கு, நானும் அதை வைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் அது ஆண்டுவாரிப் பட்டியல் இல்லை. சில ஆண்டுகளுக்கு நான்கைந்து படங்கள் வந்து நிற்கும், சில ஆண்டுகள் காலியாகவே கிடக்கும். 2022-இன் முதல் நூறில் இந்தியப் படம் 'பதேர் பாஞ்சாலி' ஒன்றே ஒன்று. தமிழ்ப் படம் எதுவுமே இல்லை.

எந்த வழியில் போனாலும் ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் வரும். 'காசாபிளாங்கா' 1942 நவம்பரில் நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டது, ஊரெங்கும் வந்தது 1943 ஜனவரியில். ஆஸ்கர் அதை 1943-இல் சேர்த்துக்கொண்டது. முதல் பொதுத் திரையிடல் எந்த ஆண்டோ அதுதான் படத்தின் ஆண்டு என்று நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆனால் நடராஜ முதலியார் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்துக்கு அந்த விதியும் பயன்படாது. 1916, 1917, 1918 என்று ஆளுக்கு ஓர் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். படமும் இன்று இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தீர்மானிப்பது பிரதி. இதை நான் 1928-ஆம் ஆண்டுப் படத்தைப் போட்ட வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டுக்கு டிரேயர் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கையில் கிடைத்த பிரதியைப் போட்டேன். யாரோ அதை அகலத் திரைக்கு ஏற்றபடி பக்கவாட்டில் இழுத்து வைத்திருந்தார்கள். படமே முகங்களால் ஆனது. அந்த முகங்கள் எல்லாம் தட்டையாக, பூரி மாதிரி தெரிந்தன. வெளிச்சம் ஏறி நெற்றி சுவரோடு கரைந்துபோனது. போதாததற்கு வேகம் வேறு. மௌனப் படங்கள் பெரும்பாலும் இன்றைய நொடிக்கு 24 பிரேமைவிடக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை, அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஆட்கள் தடதடவென்று நடப்பார்கள். அழுகிற பெண்ணைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடித்து, அதே சுவரில், அதே புரொஜெக்டரில் மறுபடி போட்டேன். இந்த முறை ஜோனாக நடித்த ஃபால்கனெட்டியின் உதட்டு வெடிப்பு தெரிந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கும்போது எங்கே நிற்கிறது என்பதுகூடத் தெரிந்தது. தண்ணீர் லாரி தெருவில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தும் மாடியில் ஒருவரும் திரும்பவில்லை. படம் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள். அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போனது. 1981-இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையில் ஒரு பிரதி கிடைத்திருக்காவிட்டால் நாம் பார்த்திருக்கக்கூடியது அந்த முதல் வாரத்துக் கதியைப் போல ஏதோ ஒன்றுதான்.

அதனால்தான் பட்டியலைக் கல்வெட்டு போல வைத்திருக்க முடியாது என்கிறேன். 1927-க்கு 'மெட்ரோபோலிஸ்'ஸா 'சன்ரைஸ்'ஸா என்ற சண்டை பழையது. ஆனால் 2008-இல் பியூனஸ் அயர்ஸில் 'மெட்ரோபோலிஸ்'ஸின் நீளமான பிரதி ஒன்று கிடைத்தது. காணாமல் போன காட்சிகளில் பெரும்பகுதி அதில் இருந்தது, 2010-இல் சேர்த்து வெளியிட்டார்கள். அதற்கு முன் 'மெட்ரோபோலிஸ்' கோர்வையில்லாத படம் என்று எழுதியவர்கள் பார்த்தது குறைப்படம். பிரதி மாறினால் தீர்ப்பையும் திறந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு வழியில் இதற்கு இடமில்லை. விருது அந்த ஆண்டோடு முடிந்த கதை. உலகப் பட்டியல் பத்தாண்டு காத்திருக்கும்.

இந்த வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1931-இல் 'காளிதாஸ்' படச்சுருள் பம்பாயிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, ஜனங்கள் அதை வால்டாக்ஸ் ரோடு வழியாகக் கினிமா சென்ட்ரல் கொட்டகை வரை ஊர்வலமாகக் கொண்டு போனார்களாம். பூப் போட்டு, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கொட்டகை அது. அக்டோபர் 31 அன்று படம் வெளியானது. தமிழ் பேசிய முதல் படம், டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கிப்போகும். வெள்ளி எடுப்பதற்காக உருக்கியதும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மௌனப் படங்களில் எஞ்சியவை மிகச் சில. எங்கள் பட்டியலில் 1931-க்கு 'சிட்டி லைட்ஸ்' போட்டோம். படம் தொடங்குவதற்கு முன் அந்த ஊர்வலத்தைப் பற்றி மைக்கில் சொன்னேன். எங்கள் நோட்டில் 1931-க்கு நேரே இரண்டு பெயர் இருக்கிறது. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் அப்படி.

மௌனப் படங்கள் முடிந்ததும் மொழிப் பிரச்சினை வந்தது. அதுவரை இடையில் வரும் எழுத்து அட்டைகளை நான் தமிழில் படித்துச் சொல்வேன், அந்தக் காலக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்ன மாதிரி. பேசும் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் இருந்தாலும் எங்கள் ஆட்களில் பலர் அந்த வேகத்துக்குப் படிக்க மாட்டார்கள். ஆகவே நல்ல பிரதி என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி: நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் தாங்குகிற படமாக இருக்க வேண்டும்.

1948 வந்தபோதுதான் மூன்று வழியும் மூன்று பக்கம் இழுத்தன. வசூல் ஜெமினியின் 'சந்திரலேகா' என்றது. உலகப் பட்டியல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றது. உதய சங்கர் அதே ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து அதே ஆண்டு வெளியான 'கல்பனா' சீரமைக்கப்பட்டு 2012-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதன் பிரதி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நான் தடம் பார்த்தேன், அதாவது பின்னால் வந்தவர்கள் எதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று. சத்யஜித் ராய் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த பிறகுதான் படம் எடுப்பது என்று உறுதியானார். அதுவே போதும் என்று ஞாயிறு அதைப் போட்டோம்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில்தான். ஆட்கள் சும்மா இருக்கிறார்களே என்று அதே வாரம் புதன்கிழமை, அதே ஆண்டின் இன்னொரு படமான விஸ்கோந்தியின் 'லா தெர்ரா த்ரேமா'வையும் போட்டேன். சிசிலித் தீவின் மீனவர்களே நடித்த படம். அவர்கள் பேசும் பேச்சு இத்தாலியின் மற்ற பகுதியினருக்கே புரியாது என்று பின்னணியில் ஒரு குரல் சேர்த்திருப்பார்கள். அதனால் நான் மைக்கில் சொன்னது யாருக்கும் உறுத்தவில்லை. வியாபாரிகளின் தராசைத் தூக்கிக் கடலில் எறிகிற இடத்தில் மாடியில் விசில் பறந்தது. அப்புறம் வீட்டை அடமானம் வைத்து, சொந்தமாகத் தொழில் பார்க்கப் போகிறான் நாயகன். "அட, வீட்ட வெக்காதடா" என்று பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். புயலில் படகு போனபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முடிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "தம்பி, அந்த வலை தைக்கிறவன் கைய பாத்தியா? அது நடிக்கிறவன் கை இல்ல" என்றார். நான் அந்தப் படத்தை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், கையைப் பார்க்கவில்லை. நோட்டில் 1948-க்கு நேரே இன்னும் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றுதான் பேனாவால் எழுதியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த வழி எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆப்பிரிக்கப் படங்களை நான் பார்த்தது மிகக் குறைவு. 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் தடம் பார்ப்பதற்கே காலம் போதவில்லை, அங்கே உலகப் பட்டியல்தான் கைகொடுக்கும். உரிமைப் பிரச்சினையும் உண்டு. இந்தியாவில் திரைப்படப் பதிப்புரிமை 60 ஆண்டு என்பதால் பழைய ஆண்டுகளில் கவலையில்லாமல் போடுகிறோம். அறுபதுகளின் நடுவைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

வரும் ஞாயிறு 1949. ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்', 'தி தேர்ட் மேன்' இரண்டுக்கும் பிரதி அருமையாக இருக்கிறது. அண்ணா எழுதிய 'வேலைக்காரி'யைப் போடச் சொல்லித் தெருவில் பாதிப் பேர் கேட்கிறார்கள், எனக்கும் ஆசைதான். என்னிடம் இருக்கிற பிரதியில் வசனம் சரியாகக் கேட்கவில்லை. வசனம் கேட்காமல் அந்தப் படத்தைப் போடுவது அதற்குச் செய்கிற அநியாயம். சனிக்கிழமை வரை தேடிப் பார்க்கிறேன்.