பெட்ரோல் பிக்கப்பா, டீசல் பிக்கப்பா?

டர்பனில் பழைய பிக்கப் தேடும் நம்மவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

வாங்கும் விலை: பெட்ரோல் மலிவு.
எரிபொருள்: டீசல் குறைவாகக் குடிக்கும்.

ஏற்றம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். டர்பன் கடலோரம்; என்3 நெடுஞ்சாலை ஏறிப்போய்ச் சேரும் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இழுவையை இழக்கும். வழியில் வரும் வான் ரீனன் கணவாயில் சுமையோடு ஏறும்போது கியரைக் குறைத்தாலும் அது முனகும். டர்போ டீசலில் அந்தக் கருவி இருப்பதால் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது.

பராமரிப்பு: பழைய காலத்து டீசலைத் தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். 1990களின் பிற்பாதியில் பரவத் தொடங்கிய காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அப்படியல்ல. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அதன் இன்ஜெக்டர்கள் 1,000 பாருக்கும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கும்) மேலான அழுத்தத்தில் வேலை செய்பவை. தண்ணீரோ தூசியோ கலந்தால் போச்சு. நான்கையும் மாற்றும் செலவு, எரிபொருளில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். சர்வீஸ் பதிவு இல்லாத டீசல் வண்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் என்று ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோல் போதும். சுமையோடு என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி ஏறுபவர் டீசலே எடுக்கலாம்.