பத்து நிமிடத்தில் அசுவினியைக் கொன்ற ‘வேப்பஞ்சாறு’

தட்டைப்பயற்றின் கொழுந்துகளிலும் பிஞ்சுகளிலும் சாற்றை உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டிருந்த நேரத்தில், முழுக்க முழுக்க வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த சாறு என்று சொல்லி விற்கப்பட்ட புட்டி ஒன்றை நம்பி வாங்கினேன். அதே வாக்குறுதியோடு வரும் புட்டியை வாங்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்யவில்லை என்பதன்று என் புகார். அளவுக்கு மீறி வேலை செய்தது என்பதே. மாலையில் தெளித்துவிட்டுக் கைத்தெளிப்பானைக் கழுவி முடிப்பதற்குள் அசுவினிகள் காலை உதறிக்கொண்டு உதிரத் தொடங்கின. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்ததோ மகிழ்ச்சி. வேம்பிலுள்ள அசாடிராக்டின், பூச்சியைத் தின்னவிடாமல் தடுத்தும், இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைத்தும், சில நாள்கள் சென்றபின்தான் பலன் காட்டும். செவ்வந்திக் குடும்பத்துப் பூவொன்றிலிருந்து கிடைக்கும் பைரித்ரம் உடனே வீழ்த்தும் என்பது உண்மைதான். அதைச் சேர்த்திருந்தால் புட்டியின் மேல் எழுதுவதில் என்ன தயக்கம்?

மறுநாள் காலையில், அசுவினியைத் தின்று வாழும் பொறிவண்டுகள் செடியடியில் மல்லாந்து கிடந்தன. தெளித்த அன்றே காய் பறிக்கலாம் என்று அச்சிட்டிருந்ததை நம்பி, மூன்றாம் நாள் பறித்த காயை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்; இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் அசுவினி முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. பெண் அசுவினி ஆண் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அவையும் ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். தடுத்துத் தின்ன வண்டில்லாத செடிகளில் இலையெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தது.

எஞ்சிய மருந்தில் கொஞ்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பைரித்ரத்தைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்யும் பூச்சிக்கொல்லியான பைரித்ராய்டு கலந்திருப்பதாகவும், அசாடிராக்டின் கண்டறியும் அளவில் இல்லை என்றும் அறிக்கை வந்தது. ஆக, வேப்பெண்ணெய் வாடை ஒன்றுதான் அசல். பிறகே புட்டியை நிதானமாகப் படித்துப் பார்த்தேன்: அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற குறிப்பு இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்த நாளும் இல்லை. வெயிலும் வெப்பமும் பட்டால் சிதையும் பொருளுக்கு நாள் குறிப்பது வெறும் சடங்கன்று. போதாக்குறைக்கு, புட்டியே ஒளி ஊடுருவும் கண்ணாடி. வேப்பஞ்சாற்றை அறிந்த எவரும் அதில் அடைத்து விற்கமாட்டார்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “பூச்சி செத்ததா, இல்லையா? செத்ததென்றால் பிறகு உங்களுக்கு என்ன குறை?” என்று திருப்பிக் கேட்டார். பணத்தைத் தரவில்லை.

இப்போது லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்புத் தூள் வீதம் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கிறேன். நான்காம் நாளும் அசுவினி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பெருகவில்லை. ஓரிரு பொறிவண்டுகளும் திரும்பியிருக்கின்றன. அந்தப் புட்டியில் இன்னும் கால்பங்கு மிச்சம் இருக்கிறது. பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய நஞ்சு என்பதால் வாய்க்காலில் கொட்ட வழியில்லை. மூடியை இறுக்கி, ‘வேம்பு அன்று’ என்று எழுதி ஒட்டிப் பூட்டி வைத்திருக்கிறேன்.